கியா குன்றின் கார்ப் பந்தயம்

விரைந்து செல்லுதலில் மாந்தர்க்கு என்றும் ஒரு வேட்கை உண்டு. பண்டைக் காலத்தில் குதிரையும் தேரும் அவ்வேட்கையை நிறைவித்தன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் அப்பணியை ஏற்றன. கார்ப் பந்தயத்திற்கெனத் தனிப்பாதை அமைத்து ஓட்டுதலே பெரும்பான்மை வழக்கு. மக்கள் நாள்தோறும் நடமாடும் தெருக்களையே களமாக்கி ஓட்டும் பந்தயங்கள் சிலவே. அவற்றுள் புகழ் வாய்ந்தது மக்காவு நகரத்துக் கியா பந்தயம். அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மக்காவு, சீன நாட்டின் தென்கடற்கரையில் உள்ள சிறு நகரம். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்குக் குடியேறினர். நெடுங்காலம் அவர்தம் ஆட்சியில் இருந்த அந்நகர், 1999ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் சீனாவிடம் ஒப்படைக்கப்பெற்றது. அங்கே கியா என்னும் குன்று ஒன்று உண்டு. அப்பெயர்க்குப் போர்ச்சுகீசிய மொழியில் ‘வழிகாட்டி’ என்பது பொருள். குன்றின்மேல் 1865ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கின்றது.

1954ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கார் ஆர்வலர் சிலர், தெருக்களில் வண்டியோட்டிச் சென்று புதையல் தேடும் விளையாட்டு ஒன்றை நடத்த எண்ணினர். அவர்கள் வகுத்த பாதை பந்தயத்திற்கே ஏற்றது என்னும் கருத்து விரைவில் எழுந்தது. விளையாட்டு வினையாயிற்று. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில் முதற் பந்தயம் நடைபெற்றது. எட்வார்டோ டி கார்வாலோ என்பவர் டிரையம்ப் வண்டியோட்டி வென்றார்.

பந்தயப் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுடையது. கடலோரப் பகுதியில் அது நேராக ஓடும். அங்கே கார்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். பின்னர்ப் பாதை குன்றின்மேல் ஏறி, வீடுகளுக்கும் சுவர்களுக்கும் இடையே பாம்பென நெளியும். மெல்கோ வளைவு என்னும் கொண்டையூசி வளைவில் அதன் அகலம் 7 மீட்டரே. ஆங்கு ஒருவரை ஒருவர் முந்துதல் கூடாது என்பது விதி. எத்துணை விரைந்து வந்தவரும் அவ்விடத்தில் முன்செல்வாரைப் பின்தொடர்ந்தே செல்லல் வேண்டும்.

1972ஆம் ஆண்டில், டூரிங் கார்களுக்கெனத் தனிப் பந்தயம் ஒன்று இங்குத் தொடங்கப்பெற்று, குன்றின் பெயராலேயே கியா பந்தயம் என வழங்கலாயிற்று. டூரிங் கார் என்பது யாது? பலர் அமர்ந்து செல்லுமாறு தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் காரையே பந்தயத்திற்கு ஏற்பத் திருத்தி அமைப்பர். உள்ளிருக்கும் மிகையான இருக்கைகளை நீக்குவர். ஓட்டுநரைக் காக்க எஃகுக் குழாய்க் கூண்டு பொருத்துவர். எனினும் தெருவில் காணும் காரின் உருவம் அதில் விளங்கும். தம் வண்டியை ஒத்த வண்டி களத்தில் வெல்வதைக் காணும் மக்கள் பெருமகிழ்ச்சி எய்துவர்.

உலக டூரிங் கார் சாம்பியன் போட்டி, பல சுற்றுகளாகப் பல நாடுகளில் நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பெறும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே வெற்றியை முடிவு செய்யும். 2005 முதல் 2014 வரை அதன் இறுதிச் சுற்று மக்காவில் நிகழ்ந்தது. 2006இல் ஆண்டி பிரியோல் என்பார் ஒரே புள்ளி மிகுதியால் பட்டம் பெற்றார். 2009இல் இத்தாலியரான கேப்ரியேல் தார்க்வினி தம் 47 வயதில் பட்டம் வென்றார். அவரே 2018இல், 56 வயதில், இதே நகரில் உலக டூரிங் கார் கோப்பையையும் கைக்கொண்டார். இளமை ஒன்றே வெற்றிக்கு வாயில் அன்று என்பதற்கு அவர் சான்றாவார்.

வெற்றிகளோடு துயரும் இவ்வரலாற்றில் உண்டு. 1962, 1963 ஆகிய ஈராண்டிலும் இந்நகரின் தலைமைப் பந்தயத்தை வென்ற பிலிப்பைன்ஸ் வீரர் டாட்ஜி லாரல், 1967இல் அப்பந்தயத்திலேயே உயிர் துறந்தார். 2012ஆம் ஆண்டிலும் இருவர் மாண்டனர். ஒதுங்குதற்கு இடமில்லாத அத்தெருக்களில் சிறு பிழையும் பெருங்கேடு விளைக்கும்.

2020இல் பரவிய கொள்ளை நோயால் பிறநாட்டு வீரர் வருகை அருகிற்று. எனினும் பந்தயம் நின்றிலது. 2023இலும் 2024இலும் மற்றோர் உலகத் தொடரின் இறுதிச் சுற்று இங்கேயே நடந்தது.

பந்தயம் முடிந்ததும் தடுப்புகள் அகற்றப்பெறும். மக்கள் மீண்டும் அத்தெருக்களில் தத்தம் பணிமேற் செல்வர். முந்துதற்குரிய இடத்தில் முந்துதலும், அடங்குதற்குரிய இடத்தில் அடங்குதலும் அறிந்தவனே அங்கு வெல்கின்றான். அவ்வறிவு பந்தயக் களத்திற்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் தெருவில் வண்டி செலுத்துவார் அனைவர்க்கும் உரியது. இதனை உணர்த்தும் குன்றுக்கு ‘வழிகாட்டி’ என்னும் பெயர் பொருத்தமே அன்றோ?