மூலிகைத் தேநீரைச் சுவைத்துத் தரம் காண்பது எப்படி?

வீட்டுக் கொல்லையில் இரண்டு செடி, மூன்று செடி என்று நின்றிருந்த துளசி, எலுமிச்சம்புல், புதினா, சங்குப்பூ முதலியவற்றை இன்று சிலர் தனிப் பயிராகவே சாகுபடி செய்கின்றனர். பச்சையாக விற்பதைவிட, உலர்த்திப் பொட்டலமிட்டு மூலிகைத் தேநீருக்கென்று விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்பதே இதற்குக் காரணம்.

ஆனால் இந்தச் சரக்கை வாங்க வரும் வியாபாரி முதலில் தராசைத் தேடுவதில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறார். வெந்நீரில் போட்டு ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். அதன் பிறகே விலை பேசுகிறார். மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த பயிரின் மதிப்பு ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. வளர்த்தவருக்கே தம் சரக்கைச் சுவைத்துத் தரம் காணத் தெரிந்திருந்தால், குறையைச் சந்தைக்குப் போகுமுன்பே கண்டு திருத்தலாம். நல்ல சரக்காயின் துணிந்து விலை சொல்லலாம்.

எது தேநீர்?

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எல்லாம் ஒரே செடியிலிருந்து வருபவைதாம். ‘கமேலியா சைனென்சிஸ்’ என்பது அதன் தாவரவியல் பெயர். பறித்த தளிரைப் பதப்படுத்தும் முறையில்தான் வேறுபாடு இருக்கிறது. இந்தத் தேயிலையோடு ஏலம், இஞ்சி, மல்லிகை, பெர்கமாட் எண்ணெய் போன்றவற்றைச் சேர்த்தால் அது மணமூட்டிய தேநீர். தேயிலையே இல்லாமல் துளசி, புதினா, பூக்கள், வேர்கள் இவற்றை மட்டும் வெந்நீரில் ஊற வைத்தால் அதை மூலிகைத் தேநீர் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். இவ்வகை மூலிகைகளில் தேயிலையில் உள்ள காஃபின் என்னும் பொருள் இல்லை.

விற்பனை செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலைச் செடியிலிருந்து கிடைப்பதற்கு மட்டுமே ‘டீ’ என்ற பெயரை லேபிளில் போடலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே பொட்டலத்தின் மேல் ‘மூலிகைப் பானம்’ என்பது போன்ற பெயரை அச்சிடுவதே பாதுகாப்பானது. புரிந்துகொள்ளும் வசதிக்காக இக்கட்டுரையில் பேச்சு வழக்குப் பெயரையே கையாள்கிறோம்.

நாக்கும் மூக்கும்

சுவை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு ஆகியவற்றை நாக்கு அறிகிறது. துவர்ப்பு என்பது வாயின் உட்புறத்தைப் பிடித்து இழுக்கும் உணர்ச்சி. மற்றபடி ‘துளசி ருசி’, ‘ஏலக்காய் ருசி’ என்பதெல்லாம் மணமே.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு எலுமிச்சம்புல் வடிநீரை ஒரு வாய் குடித்தால், வெறும் வெந்நீர் போலவே இருக்கும். விழுங்கிய பின் மூக்கை விட்டால், தொண்டை வழியே மேலேறும் ஆவி மூக்கைத் தொட்டதும் மணம் ‘குப்’பென்று வரும். மூலிகையில் விலை போவது இந்த ஆவியாகும் எண்ணெய்தான். சாகுபடி, அறுவடை, உலர்த்தல், சேமிப்பு எல்லாமே அந்த எண்ணெய் பறந்து போகாமல் காப்பதற்கான வேலை என்று கொள்ளலாம்.

சுவைக்கும் முறை

தேயிலையைச் சுவைத்துப் பார்க்க 1980ஆம் ஆண்டிலேயே உலகத் தர நிர்ணய அமைப்பு ஒரு முறையை வகுத்தது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. மூடி வைத்து 6 நிமிடம் ஊறல். பிறகு வடித்துச் சுவைத்தல். இதே அளவை மூலிகைகளுக்கும் பின்பற்றலாம். 200 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் எடுத்தால் போதும். சிறு மின்னணுத் தராசு ஒன்று அவசியம். ‘ஒரு ஸ்பூன்’ கணக்கு உதவாது. ஒரு ஸ்பூன் சுக்குத்தூளும் ஒரு ஸ்பூன் சங்குப்பூவும் எடையில் ஒன்றாகா.

சோதனையின்போது பால், சர்க்கரை சேர்க்கக் கூடாது. அவை குறையை மறைத்துவிடும். கிண்ணம் உட்புறம் வெள்ளையாக இருந்தால் நிறம் சரியாகத் தெரியும். ஊறும்போது கட்டாயம் மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் மணம் அறைக்குப் போய்விடும், வாய்க்கு வராது.

வரிசை இதுதான். முதலில் உலர்ந்த சரக்கை முகர வேண்டும். அடுத்து, வடித்தபின் மிஞ்சும் சூடான சக்கையை முகர வேண்டும். மறைந்திருக்கும் பூஞ்சை வாடை, புகை வாடை இந்த இடத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும். பிறகு வடிநீரின் நிறம், தெளிவு. கடைசியாகச் சுவை. ஒரு ஸ்பூன் எடுத்துக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். தேயிலை சுவைப்பவர்கள் இப்படி உறிஞ்சுவது பழக்கக் குறைவால் அல்ல. காற்று மணத்தை மூக்குக்கு ஏற்றுகிறது. சூட்டில் ஒரு முறையும், ஆறிய பின் ஒரு முறையும் சுவைப்பது நல்லது. சூட்டில் தெரியாத கசப்பு ஆறியதும் தெரியும்.

காப்பி, வெற்றிலை, பீடி இவற்றுக்குப் பின் உடனே சுவைத்துப் பயனில்லை. பல வகைகளைப் பார்ப்பதானால் மென்மையான பூக்களில் தொடங்கி, புதினா, சுக்கு போன்ற காரமானவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். இடையிடையே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

எந்த மூலிகை எப்படிச் சுவைக்கும்?

துளசி: கிராம்பை நினைவூட்டும் காரமான மணம். கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருள் துளசியிலும் இருப்பதே காரணம். குடித்த பின் நாக்கில் லேசான உறைப்பு நிற்கும். இந்த உறைப்பு இல்லாமல் வைக்கோல் ருசி மட்டும் இருந்தால், சரக்கு வெயிலில் காய்ந்தது அல்லது பழையது. தண்டு அதிகம் கலந்தால் மரச்சுவை வரும்.

எலுமிச்சம்புல்: எலுமிச்சைத் தோலின் மணம் உண்டு, புளிப்பு கிடையாது. மணத்துக்குக் காரணம் சிட்ரால். வடிநீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். கேரளத்தில் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘சுகந்தி’ இரகம் எண்ணெய்க்குப் பேர் பெற்றது.

புதினா: குடித்ததும் வாய் குளிர வேண்டும். மொராக்கோ நாட்டில் பச்சைத் தேயிலையோடு பச்சைப் புதினாவும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பதே அன்றாட வழக்கம். கறுத்த இலை, சரியாக உலராத சரக்கின் அடையாளம்.

சிவப்புப் புளிச்சை: பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு நிற்கும் சிவப்புப் புல்லிவட்டமே இதில் பயன்படுவது. மாணிக்க நிறமும் நல்ல புளிப்பும் உண்டு. எகிப்திலும் சூடானிலும் ‘கர்கதே’ என்ற பெயரில் இதைக் குளிர வைத்தும் குடிக்கின்றனர். செம்பருத்திப் பூ வேறு. அதில் நிறம் உண்டு. இந்த அளவு புளிப்பு இல்லை.

சங்குப்பூ: நீல நிறமே இதன் பெருமை. மணமும் சுவையும் மிகக் குறைவு. பச்சைப் பயறு வேக வைத்த நீர் போன்ற மெல்லிய வாசனை மட்டும் இருக்கும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் நீலம் ஊதாவாக மாறும். தனியாகக் குடித்தால் ஏமாற்றம் தரும். எலுமிச்சம்புல்லோடு சேர்த்தால் எடுபடும்.

ஆவாரம்பூ: லேசான துவர்ப்பும் கசப்பும் கலந்த மஞ்சள் வடிநீர். பூவை முற்ற விட்டுப் பறித்தால் கசப்பு கூடும். நன்னாரி வேர் இதற்கு நல்ல துணை. வெனிலாவை ஒத்த அதன் மணம் கசப்பைத் தணிக்கும்.

சுக்கு: சுக்கு மல்லிக் காப்பி குடித்துப் பழகிய நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. காரம் தொண்டையில் நிற்க வேண்டும். நாக்கில் மண் கரகரப்பு இருக்கக் கூடாது.

பிற நாட்டு வகைகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப் பகுதியில் விளையும் ரூய்போஸ், சிவந்த நிறமும் தேன் போன்ற இனிய மணமும், குறைந்த துவர்ப்பும் கொண்டது. சீமைச் சாமந்தியின் வடிநீரில் ஆப்பிள் பழ வாசனை வீசும்.

மல்லிகைத் தேநீர் தரும் பாடம்

சீனத்தின் ஃபூஜோ நகரம் மல்லிகைத் தேநீருக்குப் புகழ் பெற்றது. அங்கே பயன்படும் மல்லிகை, நம் மதுரை மல்லி சேர்ந்த அதே இனம்தான். மாலையில் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைக்கின்றனர். இரவில் மொட்டு விரிந்து விடும் மணத்தைத் தேயிலை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் வாடிய பூவைச் சலித்து நீக்கிவிட்டு, புதுப் பூவைக் கொண்டு பல முறை இதையே திரும்பச் செய்கின்றனர்.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. தேயிலையும் உலர்ந்த மூலிகையும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். எனவே வெங்காயம், உரம், பூச்சிமருந்து வைத்த அறையில் சரக்கை வைக்கவே கூடாது. மற்றொன்று, பூமாலைக்கென்று வளர்க்கும் மல்லிகைக்குப் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். அதை வாங்கித் தேநீரில் சேர்க்கலாகாது.

உலர்த்துவதில்தான் விலை

பனி உலர்ந்தபின் காலையில் அறுவடை செய்வது நல்லது. துளசியைப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் வெட்டலாம். எலுமிச்சம்புல்லைப் பச்சையாக இருக்கும்போதே ஓரிரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். தரையில் பரப்பாமல், நிழலில் வலைத்தட்டுகளின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். உலர்த்தும் கருவி வைத்திருப்போர் வெப்பத்தை 40 முதல் 45 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்திக்கொண்டால் மணம் தங்கும். இலை கையில் நொறுங்க வேண்டும். காம்பு ‘பட்’டென்று ஒடிய வேண்டும்.

ஈரம் இருந்தால் எடை கூடுமே என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பார்ப்போம். 80 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பச்சை இலையில் உலர்பொருள் 20 கிலோ. 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் சுமார் 22 கிலோ கிடைக்கும். 20 சதவீத ஈரத்தோடு நிறுத்தினால் 25 கிலோ. அந்த மூன்று கிலோ ஆசையில் மூட்டை முழுவதும் பூஞ்சை பிடித்தால் 25 கிலோவும் குப்பைக்குத்தான் போகும். பூஞ்சை வாடை அடித்த சரக்கை மறுபடி காய வைத்தாலும் தேறாது. அதைக் குடிக்கவும் கூடாது.

இதே கணக்கில் இன்னொரு ஆபத்தும் அடங்கியுள்ளது. நாலரைக் கிலோ பச்சை இலை ஒரு கிலோவாகச் சுருங்கும்போது, நீர் போகிறதே தவிர, இலைமேல் தங்கிய பூச்சிமருந்தில் ஆவியாகாத பகுதி அப்படியே தங்கிவிடும். எனவே தேநீர் மூலிகைக்கு இரசாயன மருந்து தெளிப்பதைத் தவிர்ப்பதே முறை. சாலையோர ஆவாரம்பூவில் வாகனப் புகையும் தூசியும் படிந்திருக்கும். அதையும் பறிக்க வேண்டாம்.

கலவை செய்வோருக்கு

ஒவ்வொரு மூலிகையையும் தனித்தனியே சுவைத்த பிறகே கலக்க வேண்டும். அடிப்படைச் சுவைக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று, காரத்துக்குச் சிறிதளவு ஒன்று என மூன்று போதும். உதாரணமாகத் துளசி 5 பங்கு, எலுமிச்சம்புல் 3 பங்கு, சுக்கு 1 பங்கு என்று தொடங்கி, ருசிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து மூலிகைகளைச் சேர்த்தால் எதன் சுவையும் தெரியாது. துண்டுகளின் அளவு ஒத்திருப்பதும் முக்கியம். இலை பெரிதாகவும் சுக்கு தூளாகவும் இருந்தால் தூள் பொட்டலத்தின் அடியில் தங்கி, முதல் கோப்பை சப்பென்றும் கடைசிக் கோப்பை காரமாகவும் இருக்கும்.

அதிமதுரம் இனிப்பைக் கூட்டும். ஆனால் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அளவோடு சேர்த்து, பொட்டலத்தில் அதன் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அடையாளம் தெரியாத பூவையும், நச்சுத்தன்மை கொண்ட அரளி போன்றவற்றையும் அருகிலேயே அண்ட விடக் கூடாது. நோய் தீரும் என்று லேபிளில் எழுதுவது சட்டப்படி தவறு. கர்ப்பிணிகளும் தினமும் மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்டே மூலிகைத் தேநீர் பருக வேண்டும். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம்.

கடைசியாக ஒரு யோசனை. ஒவ்வொரு முறை உலர்த்தும்போதும் 50 கிராம் சரக்கை, வெட்டிய தேதி, உலர்த்திய நாள்கள் ஆகியவற்றை எழுதி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் இருட்டான இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை சுவைத்துக் குறித்துக்கொண்டு வந்தால், தம் சரக்கு எத்தனை மாதம் மணம் மாறாமல் இருக்கும் என்பது ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசும் விவசாயியிடம், முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கும் வியாபாரியின் தந்திரம் பலிக்காது.