ஆபர்வத் ஏறும் அன்பர்களுக்கு

குளிர்காலத்தில் காஷ்மீரம் செல்லும் நம்மவர் குல்மார்க்கின் பனிச்சறுக்கைக் காணாமல் திரும்புவதில்லை. அவ்வூரே சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவின் உச்சி அங்கே தரைமட்டம்! 1998-இல் முதற்பகுதியும் 2005-இல் இரண்டாம் பகுதியும் தொடங்கப்பெற்ற கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி, ஆபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் நம்மை இறக்கிவிடுகிறது. அங்கே பிராணவாயு கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. ஆதலின் முதல்நாள் ஊரிலேயே இளைப்பாறுதல் நன்று. தலைவலியும் குமட்டலும் கண்டால் வீரம் பேசாது இறங்கிவிட வேண்டும், அதுவே மருந்து.

நாம் பெரிதும் அஞ்சுவது பனிச்சரிவை. 2010 பிப்ரவரியில் அருகிலுள்ள கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த படைவீரர் 17 பேரை அது கொண்டுபோயிற்று. மலையறிந்தவர்க்கே அக்கதி! புதுப்பனி பொழிந்த மறுநாள் மலை பேரழகாய்த் தோன்றும். சரிவு மிகுதியாய் நிகழ்வதும் அப்பொழுதே. ஆகவே காவற்குழுவினர் திறந்துவிடாத சரிவில் கால்வைத்தல் ஆகாது. புதையுண்டவரைக் கால்மணிக்குள் தோண்டியெடுக்காவிடில் பிழைப்பது அரிது. சறுக்கப் புதிதாய்க் கற்கும் நம் சிறுவர்க்கு ஊரையொட்டிய தாழ்ந்த சரிவுகளே போதும். கறுப்புக் கண்ணாடியை மட்டும் மறவாதீர். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.