உங்களுக்குத் தெரியுமா? வெட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்!

2016-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவ் குழுவினர் உருவாக்கிய சிலிக்கோன் ரப்பர், தன் நீளத்தைப்போல் சுமார் 45 மடங்கு நீண்டும் அறுந்துபோகவில்லை! வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்தால், பசையோ சூடோ இல்லாமல் தானே ஒட்டிக்கொண்டது. மைனஸ் 20 டிகிரி குளிரிலும் அதன் வெட்டுக்காயம் ஆறியது.

எப்படி? பாலிமர் சங்கிலிகளை இரும்பு அயனிகள் கோத்து வைத்திருக்கின்றன. அயனிக்கும் சங்கிலிக்கும் இடையிலான பிணைப்புகளில் சில வலுவானவை, சில பலவீனமானவை. இழுக்கும்போது பலவீனமானவை முதலில் அறுந்து விசையை ஏற்றுக்கொள்ளும். வலுவானவையோ அயனியைச் சங்கிலியிலிருந்து விலகவிடா. அதனால் அறுந்தவை எளிதில் மீண்டும் இணைகின்றன.

பிணைப்புகள் எல்லாமே வலுவாக இருந்தால் ரப்பர் உறுதிப்படும். ஆனால் ஆறும் திறன் குறையும். இரண்டு வகையும் கலந்திருப்பதே இதன் பலம்!