திராட்சைச் சக்கை: எதை முதலில் எடுப்பது?

2022-ல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கார்களுக்கு ஊற்றிய எரிபொருள் கச்சா எண்ணெயிலிருந்து வந்ததில்லை. ஒயின் தயாரிப்பில் மிஞ்சிய சக்கை, மண்டியிலிருந்து எடுத்த எத்தனாலை வைத்துச் செய்தது. "அப்போ சக்கை மொத்தத்தையும் எரிபொருளாக்கிடலாமே?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

ஒரு பாட்டில் ஒயினுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் திராட்சை வேண்டும். அதில் ஏறக்குறைய கால் கிலோ வரை தோல், கொட்டை, கொஞ்சம் காம்பு எனச் சக்கையாக நின்றுவிடும். அறுவடை வருஷத்துக்குச் சில வாரங்கள்தான். எல்லாச் சக்கையும் அப்போதே வந்து குவியும். பாதிக்கு மேல் ஈரம். அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். வடிகிற புளித்த நீர் ஓடையில் கலந்தால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன் செத்துப்போகும்.

கரும்புச் சக்கையை ஆலைக்காரர்கள் நேரே கொதிகலனில் போடுகிறார்கள். இதையும் அப்படிப் போட்டால்? ஈரத்தை விரட்டவே நிறைய வெப்பம் போய்விடும். உள்ளே இருக்கும் விலையுள்ள சரக்கும் சாம்பலாகிவிடும். சாண எரிவாயு மாதிரி கலனில் போடலாம். ஆனால் கொட்டையின் கெட்டி ஓடும் துவர்ப்புப் பொருள்களும் நுண்ணுயிரிகளுக்கு லேசில் செரிக்காது.

அதனால் வரிசை முக்கியம். பிரான்சில் இதற்கென்றே வடிசாலைகள் உண்டு. முதலில் ஆல்கஹால், ஏன்னா அதுதான் ஆவியாகிப் பறந்துவிடும். சிவப்பு ஒயின் சக்கையில் அது ஏற்கெனவே இருக்கும். வெள்ளை ஒயினுக்கு நொதிக்கும் முன்பே பிழிந்துவிடுவதால், அந்தச் சக்கையிலுள்ள சர்க்கரையைத் தனியாகப் புளிக்கவிட வேண்டும். அடுத்து, வெந்நீரில் அலசினால் டார்டாரிக் அமிலத்தின் உப்புகள் வரும். பேக்கிங் பவுடர் முதல் ஜிப்சம் பூச்சு சீக்கிரம் இறுகாமலிருக்கச் சேர்க்கும் பொருள் வரை இவற்றுக்கு வேலை உண்டு. பிறகு காயவைத்துச் சலித்துக் கொட்டையைப் பிரித்தால் எண்ணெய்.

மிஞ்சும் காய்ந்த தோல்தான் கொதிகலனுக்கு. அந்த வெப்பம் அடுத்த லோடு சக்கையைக் காயவைக்கும். எரிக்காவிட்டால் உரமாகத் தோட்டத்துக்கே திரும்பலாம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஏற்பாடு சுற்றுச்சூழலுக்காக ஆரம்பித்ததில்லை. சக்கையை ஒட்டப் பிழிந்து மட்டமான ஒயின் செய்யக் கூடாது என்பதற்காக, அதில் கொஞ்சம் ஆல்கஹாலை விட்டுவைத்து வடிசாலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி போட்டார்கள். அந்தக் கட்டாயத்தால்தான் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த சக்கை ஓரிடத்தில் சேர்ந்தது. சின்னத் தோட்டக்காரர் ஒருவர் தனியாக இத்தனையும் செய்ய முடியாது. அவருடைய சக்கையை ஈரம் கெடுக்கும் முன்னே ஏற்றிப்போக ஒரு லாரி வரவில்லையென்றால், மற்ற தொழில்நுட்பம் எதுவும் அவருக்கு உதவாது.