மாற்றுத் திசைவிகளின் பொறுப்பேற்பும் அடையாளச் சரிபார்ப்பும்: வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையை முன்வைத்து

ஓர் அலுவலகத்தின் கணினிகள் வெளி வலையமைப்பை அடைய ஒரு திசைவியை (ரூட்டர்) நுழைவாயிலாகக் கொள்கின்றன. அதன் முகவரி ஒவ்வொரு கணினியிலும் முன்னரே பதியப்பட்டிருக்கும். அத்திசைவி பழுதுற்றால், அருகில் வேறொன்று இயங்கிக்கொண்டிருப்பினும் கணினிகள் அதனை நாடுவதில்லை. இக்குறையைக் களைய எழுந்த பொது நெறிமுறையே வி.ஆர்.ஆர்.பி. இணையப் பொறியியல் பணிக்குழு இதனை 1998இல் ஆர்.எஃப்.சி. 2338 என்னும் ஆவணமாக வெளியிட்டது. அதில் இடம்பெற்ற அடையாளச் சரிபார்ப்பு, 2004இல் வந்த ஆர்.எஃப்.சி. 3768இல் நீக்கப்பட்டது. நெறிமுறைகள் திருத்தப்படுந்தோறும் காப்பு மிகுவதே வழக்கம். இங்கு அது குறைக்கப்பட்டமைக்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்நெறிமுறையில் திசைவிகள் பல ஒரு குழுவாகி, ஒரு மெய்நிகர் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ஒன்றே அம்முகவரிக்குரிய பணியை ஆற்றும். அது இயல்பமைப்பில் நொடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்னும் குழு முகவரிக்குத் தன் இருப்பை அறிவிக்கும், ஏனையவை கேட்டுக்கொண்டிருக்கும். மூன்று அறிவிப்புக் காலத்துடன் ஒரு சிறு கூடுதல் நேரமும் கடந்து அறிவிப்பு வாராதபோது, காப்புத் திசைவி பொறுப்பேற்கும். அக்கூடுதல் நேரம், 256இலிருந்து முன்னுரிமை எண்ணைக் கழித்து 256ஆல் வகுத்துப் பெறப்படுவது. முன்னுரிமை எண் 200 உடையது ஏறத்தாழ 3.22 நொடியிலும், 100 உடையது 3.61 நொடியிலும் விழித்தெழும். எனவே தனியே ஒரு தேர்தல் தேவைப்படுவதில்லை. தகுதி மிக்கது முந்திக்கொள்கிறது. பொறுப்பேற்றது ஏ.ஆர்.பி. அறிவிப்பை அனுப்பியதும் போக்குவரத்து அதன்பால் திரும்பும்.

பணியாற்றும் திசைவியை ஆங்கில ஆவணங்கள் ‘மாஸ்டர்’ என்றே வழங்கின. 2024இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9568 அதனை ‘ஆக்டிவ்’ என மாற்றியது. தமிழில் ‘முதன்மைத் திசைவி’ என்பது நிலைபேறுடைய தலைமையை உணர்த்திவிடும். இப்பதவியோ கைமாறுவது, ஆதலின் ‘செயல்படு திசைவி’ என்பதே பொருந்தும்.

1998ஆம் ஆண்டு ஆவணம் சரிபார்ப்புக்கு மூன்று நிலைகளை வகுத்தது: சரிபார்ப்பு இன்மை, எட்டு எழுத்துக்குள் அடங்கும் கடவுச்சொல், மறைகுறி வழிப்பட்ட ஏ.எச். முறை. கடவுச்சொல் வெளிப்படையாகவே சென்றமையால், அதே வலையமைப்பில் கேட்பவர் எவரும் அதனைப் படிக்கலாம். ஏ.எச். முறை அதனினும் வலியது. எனினும் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சரிபார்ப்பில் தவறிய பொதியைப் பெறுநர் புறக்கணிக்க வேண்டும். இரு திசைவிகளில் மறைச்சொல் மாறுபடப் பதிவாகிவிட்டால், காப்புத் திசைவி செயல்படு திசைவியின் அறிவிப்பை ஏலாது, அது மாய்ந்துவிட்டதாகக் கொண்டு தானும் பொறுப்பேற்கும். ஒரு முகவரிக்கு இரு உரிமையாளர் தோன்றுவர். பகைவர் எவருமின்றி, பூட்டே இக்குழப்பத்தை விளைத்துவிடுகிறது.

மறைச்சொல் பிழையின்றி அமைந்தாலும் பயன் சிறிதே. மிகுந்த முன்னுரிமையுடன் பொய்யறிவிப்பு விடுத்து, நேரிய திசைவிகள் அனைத்தையும் காப்பு நிலைக்குத் தள்ளும் தாக்குதலைச் சரிபார்ப்பு தடுக்கும் என்பதை ஆர்.எஃப்.சி. 3768உம் ஒப்புகிறது. ஆனால் உள்வலையில் புகுந்தவர் வி.ஆர்.ஆர்.பி.யைத் தொடவே வேண்டியதில்லை. மெய்நிகர் முகவரி தமக்குரியதெனப் பொய்யான ஏ.ஆர்.பி. விடைகளை அனுப்பினால் அதே விளைவு கிட்டும். அவ்வழி திறந்திருக்க, இவ்வழியை மட்டும் அடைப்பதால் பெரும்பயன் இல்லை என்பதே ஆவணத்தார் கண்ட முடிவு.

வெளியிலிருந்து வரும் போலிக்கு எளிய தடை முதற்பதிப்பிலேயே உண்டு. அறிவிப்புப் பொதியின் வாழ்நாள் எண் 255ஆக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு திசைவியும் கடத்தும்போது அதில் ஒன்றைக் குறைப்பதால், பிற வலையமைப்பிலிருந்து வருவது 255 உடன் வந்து சேராது. மறைச்சொல் எதுவும் இதற்கு வேண்டா. பிழைபடப் பதிவதற்கும் இடமில்லை. உள்ளிருப்பவரைத் தடுக்கும் பணி, பொய் ஏ.ஆர்.பி.யைத் தம் இணைப்பு முனையிலேயே ஆராய்ந்து விலக்கும் சுவிட்சுகளுக்கு உரியதாகிறது.

இம்முடிவை அனைவரும் ஏற்றனர் எனல் இயலாது. லினக்ஸில் வழங்கும் கீப்அலைவ்டு மென்பொருள், இரண்டாம் பதிப்பு நெறிமுறைக்குக் கடவுச்சொல் வசதியை இன்றும் வைத்துள்ளது. ஓப்பன்பிஎஸ்டி குழுவினரின் கார்ப் நெறிமுறையோ, ஒவ்வோர் அறிவிப்பையும் பகிர்ந்த மறைச்சொல்லின் துணையோடு எஸ்.எச்.ஏ.-1 முறையில் உறுதிசெய்கிறது. அதிலும் மறைச்சொல் மாறுபட்டால் இரு கருவிகளும் ஒருங்கே பொறுப்பேற்கின்றன.