வளையும் சுவரும் வளையாத கணக்கும்

நம் சங்கத்து இளைஞர் ஒருவர் பெங்களூர்ப் பீன்யாவில் ஒரு சிறு பட்டறையில் மில்லிங் இயந்திரம் இயக்குகின்றார். அண்மையில் ஒரு மாலை வாடிய முகத்துடன் நம் இல்லத்திற்கு வந்தார். விமானத்திற்குரிய அலுமினியப் பாகங்கள் மூன்று அளவு தவறிப்போயினவாம். கவனக்குறைவென்று கூறிச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப் போகின்றனராம். "அண்ணா, இயந்திரம் காட்டிய அளவு சரி, பாகம் மட்டும் தவறு. இதை எப்படி எழுதிக் கொடுப்பது?" என்றார். ரயில்வே அலுவலகத்தில் ஏடெழுதும் நமக்கு இயந்திர நுட்பம் ஏது? ஆயினும், விண்ணப்பம் எழுதுமுன் விஷயத்தைக் கேட்டறிந்தோம். அறிந்ததை அன்பர்களுக்கும் உரைக்கின்றோம்.

அலுமினியக் கட்டியைக் குடைந்து, 2 மில்லிமீட்டர் கனமும் 40 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சுவர் எடுப்பதாகக் கொள்வோம். சுழலும் கட்டர் சுவரைத் தள்ளுகிறது. சுவர் பின்வாங்கி வளைகிறது. சுமையேற்றிய சரக்கு வண்டி வில்லின்மேல் அமிழ்ந்து, சுமை இறங்கியதும் எழுவதுபோல, கட்டர் கடந்ததும் சுவர் பழைய நிலைக்கு மீள்கிறது. வளைந்தபோது வெட்டுப்படாத உலோகம் அங்கேயே தங்கிவிடுகிறது. அடிப்பகுதி உறுதியாக நிற்பதால் அங்கே அளவு சரியாகும், உச்சியோ தடித்துப்போகும்.

இவ்வளைவு கணக்குக்கு உட்பட்டது. அதே விசைக்குச் சுவரின் கனம் பாதியானால் வளைவு 8 மடங்காகும். உயரம் இரட்டித்தாலும் 8 மடங்காகும். ஒரே வடிவில், அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய 3 மடங்கு வளையும். ஆதலின் வெட்டுமுன்னரே வளைவைக் கணிக்கலாம். உச்சியில் 0.05 மில்லிமீட்டர் வளையுமெனில், அங்கே கட்டரைச் சுவரின் பக்கம் அவ்வளவு கூடுதலாக நகர்த்த வேண்டும். கூடுதலாக வெட்டினால் விசை கூடும், வளைவும் கூடும். ஆகவே புதிய விசைக்கு மீண்டும் கணக்கிட்டு, வேறுபாடு அற்றுப்போகும் வரை திருத்துவர். முதற்பாகத்தை அளந்து, கண்ட பிழையை அடுத்த பாகத்தில் ஈடுசெய்யும் எளிய வழியும் உண்டு.

மற்றொரு காரணமும் உளது. தகட்டைச் சூடாக்கி நீரில் விரைந்து குளிர்விக்கும்போது, அதனுள் இழுப்பும் அழுத்தமும் தங்கி, ஒன்றையொன்று சமன்செய்து உறங்குகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் குடைந்தால் சமநிலை கெட்டு, பிடியைத் தளர்த்தியதும் பாகம் கோணிக்கொள்ளும். அதற்கு இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக வெட்டி, இறுதி வெட்டுக்கு முன் பிடியைத் தளர்த்தி, மீண்டும் மெதுவாகப் பிடித்தல் வேண்டும்.

இளைஞரின் பாகங்களில் பிழை எங்கே என்று வினவினோம். மூன்றிலும் உச்சியில், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கவனக்குறைவு இடம் மாறும். இயற்கை விதி இடம் மாறுவதில்லை அன்றோ? அதனையே அளவுப் பட்டியலோடு விண்ணப்பத்தில் எழுதினோம். நான்காம் பாகம் திருத்திய பாதையில் வெட்டப்பட்டது, அளவு நின்றது. பிடித்தமும் கைவிடப்பட்டது.

பட்டறைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள், ஒவ்வொரு பாகத்தின் அளவையும் இடத்தோடு குறித்துவைத்தல் நலம். வாயால் மறுப்பதைவிட, குறிப்பேட்டைக் காட்டுவதற்கே மதிப்பு மிகுதி.