பட்டா மட்டும் போதாது!

மனை வாங்கச் செல்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. பட்டா யார் பெயரில் இருக்கிறது? வில்லங்கம் ஏதும் உள்ளதா? தாய்ப் பத்திரம் இருக்கிறதா? இவை அனைத்தும் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால், இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் அந்த நிலம் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அங்கு என்ன கட்டலாம் என்பதைச் சொல்லா. உரிமை வேறு, பயன்பாடு வேறு.

நிலத்தின் பயன்பாட்டைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதன்கீழ் தயாரிக்கப்படும் முழுமைத் திட்டம், ஒவ்வொரு புல எண்ணையும் ஏதேனும் ஒரு மண்டலத்தில் சேர்க்கிறது. சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை எனப் பல மண்டலங்கள் அதில் உள்ளன. பெருநகருக்கு வெளியே இப்பணியை நகர் ஊரமைப்பு இயக்ககம் மேற்கொள்கிறது. வேளாண் மண்டலத்திலோ திறந்தவெளி மண்டலத்திலோ அமைந்துள்ள மனைக்குக் குறைபாடற்ற பட்டா இருக்கலாம். ஆயினும் விரும்பியபடி அங்கு வீடு கட்டிவிட முடியாது.

வருவாய்த் துறையின் வகைப்பாட்டையும் திட்ட வகைப்பாட்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பலரும் ஏமாறுகின்றனர். சிட்டாவில் 'புஞ்சை' என்று இருக்கும் நிலம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு மண்டலமாக இருக்கக்கூடும். தொழில் மண்டலமாகவும் இருக்கக்கூடும். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் கட்டட அனுமதிக்கு ஈடாகா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மண்டலத்தோடு முடிந்துவிடுவதில்லை. சில இடங்களில் அதற்கு மேலும் கட்டுப்பாடுகள் உள்ளன. கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நீள்கிறது. மாமல்லபுரம், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள தொன்மைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. விமான நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் உயரக் கட்டுப்பாடு, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள், மலைப் பகுதிகளில் வேறு நிபந்தனைகள் எனப் பட்டியல் நீளும்.

இவற்றை அலட்சியப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்குக் கொச்சியை அடுத்த மரடு சான்று. அங்கு உள்ளாட்சியின் அனுமதியோடுதான் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஆனால், அந்த இடம் கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு உட்பட்டது. அவற்றை இடிக்குமாறு உச்சநீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது; 2020 ஜனவரியில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முறைப்படி பணம் செலுத்தி வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக ரூ. 25 லட்சம் வழங்க உத்தரவிடப்பட்டது; வீடு திரும்பக் கிடைக்கவில்லை.

மண்டலம் சரியாக இருந்தாலும் எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமற்ற சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது, அரை கிரவுண்ட் எனப்படும் 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். ஆனால், முன்புறமும் பக்கங்களிலும் பின்புறமும் விதிப்படி இடம் விட்ட பிறகு, இந்த அளவை எட்ட இயலாமலும் போகலாம். சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து இது மாறும்.

இந்த அறிவு இன்று முன்னெப்போதையும்விட அவசியமாகிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோர், சுயசான்று அளித்து இணையவழியில் உடனடியாக அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் அறிமுகமானது. அலுவலகங்களுக்கு அலைந்தவர்களுக்கு இது பெரும் நிம்மதி. ஆனால், 'சுயசான்று' என்ற சொல்லின் பொருளை உணர வேண்டும். முன்பு அலுவலர் ஆய்வு செய்து சொன்ன தடைகளை, இப்போது விண்ணப்பதாரரே அறிந்து உறுதியளிக்கிறார். உறுதிமொழி தவறானால் அனுமதி நிலைக்காது. அதற்குள் கடைக்கால் மட்டுமல்ல, கூரையும் எழும்பியிருக்கும்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சிலவற்றைச் சரிபார்ப்பது நல்லது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் கொண்டு நிலப் பயன்பாட்டைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் அறியலாம். பிற இடங்களில் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டறியலாம். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, வரன்முறைப்படுத்தப்பட்டதா என்பதை அதன் எண்ணோடு சரிபார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் வண்ண வரைபடம் ஆவணம் அன்று. மண்டலம் பொருந்தவில்லையெனில் நில வகை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், அது உரிமையன்று, மறுக்கப்படவும் கூடும். 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற வாய்மொழியை நம்பி விலை பேசலாகாது.

மண்டல விதிகளை வெறும் தடைகளாகக் கருதுவதும் சரியன்று. பக்கத்து மனையில் சாயப்பட்டறை வராமல் காப்பதும் இதே விதிகள்தாம். ஏரியின் நீர்வரத்துப் பாதையில் வீடுகள் எழுந்தால் என்ன நேரும் என்பதை 2015 பெருவெள்ளம் உணர்த்தியது. அப்போது நீர் பட்டாவைப் பார்த்து விலகிச் செல்லவில்லை.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. பத்திரப் பதிவின்போதே அந்தப் புல எண்ணின் நிலப் பயன்பாடும் சிறப்புக் கட்டுப்பாடுகளும் ஆவணத்தில் எளிய தமிழில் அச்சிடப்பட வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வாங்கும் நிலத்தில் வீடு கட்ட முடியுமா என்பது, பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே வாங்குபவருக்குத் தெரிந்தாக வேண்டும்.